மறுவாசிப்பில் மாறும் நாவல்: ‘சோளகர் தொட்டி’யும் ஜவ்வாதுமலை வாசிப்புச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நாவலை முதன்முறை வாசிக்கையில் எழும் எதிர்வினையும் மீண்டும் வாசிக்கையில் எழும் எதிர்வினையும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாட்டை வாசகரின் வயது, அனுபவம் ஆகியவற்றின் விளைவாக மட்டும் காண்பது வழக்கம். பனுவலின் அமைப்பு, பனுவலுக்குப் பின் நிகழ்ந்த வரலாறு, வாசிப்பு நிகழும் இடம் ஆகிய மூன்றும் தனித்தனியே எதிர்வினையை மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. இதற்குச் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) முதன்மைப் பனுவலாகவும், ஜவ்வாதுமலை வாசிப்பு இடமாகவும் கொள்ளப்படுகின்றன. நன்னூலின் பாடங்கேட்டல் மரபும், பூட்டுவிற் பொருள்கோள், மாட்டு ஆகிய உரைமரபுக் கருத்தாக்கங்களும் ஆய்வுக் கருவிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மறுவாசிப்பு, வாசக எதிர்வினை, சோளகர் தொட்டி, ஜவ்வாதுமலை, மலையாளிப் பழங்குடியினர், பூட்டுவிற் பொருள்கோள்.

முன்னுரை

தமிழ்த் திறனாய்வில் ‘மறுவாசிப்பு’ என்னும் சொல் பெரும்பாலும் ஒரு பனுவலைப் புதிய கோட்பாட்டின் வழி அணுகுதல் என்னும் பொருளில் வழங்குகின்றது. பெண்ணிய மறுவாசிப்பு, தலித்திய மறுவாசிப்பு முதலிய தொடர்கள் இப்பொருளிலேயே ஆளப்படுகின்றன. ஒரே வாசகர் ஒரே நூலை மீண்டும் எடுத்து வாசித்தல் என்னும் நேர்ப்பொருளில் அச்சொல் போதிய கவனம் பெறவில்லை. கோட்பாட்டு மறுவாசிப்புக்கு முன் நிகழ வேண்டியது இந்த எளிய செயலே ஆகும். கதைமுடிவை அறிந்த ஒருவர் மீண்டும் முதற்பக்கத்திற்குத் திரும்பும்போது நூலில் ஓர் எழுத்தும் மாறியிருப்பதில்லை; ஆயினும் அவர் முன்பு கண்ட நாவல் அங்கு இருப்பதில்லை. இம்மாற்றம் எங்கு நிகழ்கின்றது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல் ஆகும்.

‘சோளகர் தொட்டி’ இவ்வாய்வுக்குத் தேர்ந்துகொள்ளப்பட்டமைக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, அந்நாவல் இரு பகுதிகளாக அமைந்து, முதற்பகுதியின் பொருளை இரண்டாம் பகுதி திருத்தி எழுதும் கட்டமைப்பைக் கொண்டுள்ளது. மற்றொன்று, அது வெளிவந்த 2004-ஆம் ஆண்டிற்குப் பின் தமிழக மலைவாழ் மக்களின் வாழ்வில் நிகழ்ந்தவை அந்நாவலைத் தொடர்ந்து புதிய பொருளுக்கு உட்படுத்தியுள்ளன.

தமிழ் மரபில் மீண்டும் கற்றல்

மீண்டும் வாசித்தலைத் தமிழ் மரபு கல்வியின் இயல்பான படிநிலையாகவே கருதியது. நன்னூல் பொதுப்பாயிரம் பாடங்கேட்டலின் வரலாற்றைக் கூறுமிடத்து, ஒரு நூலை இருமுறை கேட்பவன் அந்நூலில் பெரும்பாலும் பிழைபடான் என்றும், மும்முறை கேட்பவன் அதன் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் தகுதி பெறுவான் என்றும் வகுக்கின்றது. முதல்முறை கேட்டதில் பிழை இருத்தல் இயல்பு என்னும் ஏற்பு இவ்விதியில் அடங்கியுள்ளது. முதல் வாசிப்பின் பிழையை வாசகரின் குறைபாடாக நன்னூல் எண்ணவில்லை. அது கற்றலின் முதற்படி, அவ்வளவே.

அதே பகுதியில் நன்னூல் மற்றொரு கணக்கையும் தருகின்றது. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் புலமையில் கால்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காலும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரையும் நிறையும் என்பது அக்கணக்கின் சாரம். பொருள் நூலில் மட்டும் உறைவதில்லை என்பதும், யாரோடு வாசிக்கின்றோம், யாருக்கு எடுத்துரைக்கின்றோம் என்பதைப் பொறுத்து அது நிறைவடைகின்றது என்பதும் இதனால் பெறப்படும். திருவள்ளுவரும் நட்பு அதிகாரத்தில் பண்புடையார் தொடர்புக்கு உவமை தேடும்போது பயிலுந்தோறும் நயம் தரும் நூலையே காட்டுகின்றார். பழகப் பழக நட்பு விரிதல் போல நூலும் விரியும் என்பது அவர்காலத்து வாசகர் ஏற்றுக்கொண்ட உண்மையாக இருந்தாலன்றி அது உவமையாக நின்றிராது.

உரையாசிரியர் மரபில் இரண்டு கருத்தாக்கங்கள் இவ்வாய்வுக்கு நேரடியாக உதவுகின்றன. வில்லின் இரு முனைகளையும் நாண் இணைப்பது போலச் செய்யுளின் ஈற்றிலுள்ள சொல்லை முதலிலுள்ள சொல்லோடு பூட்டிப் பொருள்கொள்வது பூட்டுவிற் பொருள்கோள். அகன்று கிடப்பினும் அணுகிக் கிடப்பினும் பொருள் முடியும் வண்ணம் கொண்டுவந்து இணைப்பது தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் மாட்டு. இவ்விரண்டும் செய்யுளை ஒருமுறை முடித்தபின் மீண்டும் முதலுக்கு வந்தவரே செய்யக்கூடியவை. எனவே இவை மறுவாசிப்பின் இலக்கணங்கள் எனக் கொள்ளத்தக்கன.

மேலைத் திறனாய்வின் துணை

மேலை நாட்டுத் திறனாய்வில் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் 1967-இல் முன்வைத்த ‘எதிர்பார்ப்பு எல்லை’ என்னும் கருத்தாக்கம், ஒவ்வொரு காலத்து வாசகரும் தமக்கே உரிய எதிர்பார்ப்புகளோடு பனுவலை அணுகுவதை விளக்கியது. வுல்ஃப்காங் ஈசர் பனுவலின் இடைவெளிகளை வாசகர் நிரப்புவதைப் பேசினார். இரண்டாம் வாசிப்பில் முடிவை அறிந்திருப்பதால் அவ்விடைவெளிகள் வேறுவகையில் நிரப்பப்படுகின்றன. ரோலண்ட் பார்த் 1970-இல் வெளியிட்ட நூலில், மீண்டும் வாசிக்காதவர்கள் எல்லா நூல்களிலும் ஒரே கதையையே வாசிக்க நேரும் என்னும் கருத்தை உரைத்தார். மத்தேய் கலினெஸ்கு 1993-இல் மறுவாசிப்பைத் தனிப்பொருளாகக் கொண்டு ஒரு நூலே எழுதினார்.

இவர்களுள் பார்த்தின் கருத்து இங்கு மிகவும் பொருந்துகின்றது. பழங்குடியினர் பற்றிய நாவல்களை ஒருமுறை மட்டும் வாசிக்கும் வாசகர் அவை அனைத்திலும் ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு, வெளியார் வருகை, அழிவு’ என்னும் ஒரே கதையைக் காண்கின்றார். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ நீலகிரிப் படகர்களைப் பற்றியது, கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’ கொல்லிமலை மக்கள் சுரண்டலுக்கு எதிராகத் திரள்வதைக் கூறுவது. நிலம், மக்கள், எழுதப்பட்ட நோக்கம் ஆகிய அனைத்தாலும் வேறுபட்ட இவற்றையும் ‘சோளகர் தொட்டி’யையும் ‘மலைவாழ் மக்கள் நாவல்கள்’ என்னும் ஒரே அடைப்பில் வைத்துவிடுவது முதல் வாசிப்பின் பழக்கமாகும்.

முதல் வாசிப்பின் எதிர்வினை

சத்தியமங்கலம் வனப்பகுதியில் கர்நாடக எல்லையை ஒட்டி வாழும் சோளகர் என்னும் பழங்குடியினரின் சிற்றூரே ‘தொட்டி’ எனப்படுகின்றது. நாவலாசிரியர் பாலமுருகன் வழக்கறிஞர். மனித உரிமைச் செயற்பாட்டாளர். வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது மலைவாழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை நேரில் கேட்டுத் தொகுத்த அனுபவம் அவருடையது. நாவலின் முதற்பகுதி தொட்டியின் வாழ்வைக் கூறுகின்றது: கேழ்வரகு விளைச்சல், காட்டு விலங்குகளிடமிருந்து பயிரைக் காத்தல், வேட்டை, தேனெடுத்தல், வழிபாடு, பீனாச்சி இசை, கொத்தல்லி என்னும் ஊர்த்தலைவரின் சொல்லுக்கு உள்ள மதிப்பு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. இரண்டாம் பகுதி தேடுதல் வேட்டையின் பெயரால் காவல் முகாம்களில் நிகழ்ந்த சித்திரவதைகளைக் கூறுகின்றது.

முதல் வாசிப்பில் இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதாகத் தோன்றும். முதற்பகுதியை வாசகர் பின்னணியாகக் கொள்கின்றார். இனவரைவியல் செய்திகளின் தொகுப்பாகக் கண்டு சற்று விரைந்து கடக்கவும் கூடும். இரண்டாம் பகுதியில் அதிர்ச்சி அவரை ஆட்கொள்கின்றது. சினம், இரக்கம், வாசிப்பைத் தொடர இயலாமை ஆகியவை எழுகின்றன. நூலை மூடியபின் நினைவில் நிற்பது பெரும்பாலும் இரண்டாம் பகுதியே. இதன் விளைவாக நாவலின் ஒட்டுமொத்தப் பொருள் ‘இழந்த சொர்க்கம்’ என்னும் வாய்பாட்டிற்குள் அடங்கிவிடுகின்றது. அமைதியான தொட்டி, பின்னர் வெளியிலிருந்து வந்த வன்முறை. இவ்வாய்பாடு தவறன்று, ஆனால் குறையுடையது.

மறுவாசிப்பின் மூன்று மாற்றங்கள்

இரண்டாம் முறை வாசிக்கையில் முதலாவதாக மாறுவது முதற்பகுதியின் நிறம் ஆகும். முதல் வாசிப்பில் அமைதியாகத் தோன்றிய அப்பகுதியில் வேட்டைக்குத் தடை இருக்கின்றது. வனக்காவலரின் அதட்டல் இருக்கின்றது. எழுத்தறியாதவரின் நிலம் எழுத்தறிந்தவரின் கைக்கு மாறுவது இருக்கின்றது. முன்பு இவை கதையின் சிறு நிகழ்ச்சிகளாகக் கடந்துபோயின. முகாம்களை அறிந்தபின் திரும்பி வரும் வாசகருக்கு இவை தொடக்கங்களாகத் தெரிகின்றன. காடு யாருடையது என்னும் கேள்விக்கு அரசு முன்பே விடை எழுதி வைத்துவிட்டது என்பதும், தேடுதல் வேட்டை அவ்விடையைக் கொடுமையான முறையில் நடைமுறைப்படுத்தியது என்பதும் புலனாகின்றன. ஆகவே ‘சொர்க்கம், பின்னர் வீழ்ச்சி’ என்னும் வாய்பாடு மறுவாசிப்பில் நிற்பதில்லை. சிறு அளவில் நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்று பேரளவில் நிகழத் தொடங்கியதே இரண்டாம் பகுதி எனலாம். ஈற்றிலுள்ளது முதலோடு சென்று பூட்டிக்கொள்வதால் இதனைப் பூட்டுவிற் பொருள்கோளின் நாவல் வடிவம் எனலாம்.

இரண்டாவது மாற்றம் மாந்தர் பற்றியது. முதல் வாசிப்பு முடிந்தபின் மாதி என்னும் பாத்திரம் பாதிக்கப்பட்ட பெண்ணாகவே நினைவில் நிற்கின்றாள். அவளுக்கும் அவள் மகள் சித்திக்கும் இழைக்கப்பட்டவை பிற அனைத்தையும் மறைத்துவிடுகின்றன. மீண்டும் வாசிக்கையில் முகாமுக்கு முந்தைய மாதி வெளிப்படுகின்றாள். தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் விருப்பமும் துணிவும் உடைய பெண் அவள். சிவண்ணாவோடு சேர்ந்து வாழ்வதும் அவளது தேர்வு. முகாம் அவளை வெறும் உடலாக்க முயல்கின்றது. முதல் வாசிப்பின் நினைவும், தன் இரக்கத்தின் மிகுதியால், அவளை அந்த உடலாகவே வைத்துக்கொள்கின்றது. மறுவாசிப்பு அவளுக்கு ஒரு முழு வாழ்வைத் திருப்பித் தருகின்றது. இரக்கம் ஒரு மனிதரைச் சிறிதாக்கவும் கூடும் என்பதை வாசகர் இங்கு அறிகின்றார்.

சிவண்ணாவின் நிலையும் இவ்வாறே. அவன் காட்டுக்குள் இருக்கும் கூட்டத்தாரிடம் சென்று சேர்வதை முதல் வாசிப்பு கதைத்திருப்பமாகக் கொள்ளும். மறுவாசிப்பில் அது திருப்பமாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு வழியாக அடைக்கப்பட்டு இறுதியில் எஞ்சிய ஒரு வழி என்பது தெரிகின்றது. எங்கெங்கே எந்தெந்த வழி அடைபட்டது என்பதைக் கணக்கிட்டுக்கொண்டே வாசிக்கும் வாய்ப்பு இரண்டாம் வாசிப்புக்கே உண்டு.

மூன்றாவது மாற்றம் வாசகர் தம்மைப் பற்றி அறிவது. முதல் வாசிப்பை நடத்திச் செல்வது ஆர்வம். அடுத்து என்ன நிகழும், சிவண்ணா எங்கே இருக்கின்றான், பிடிபடுவானா என்னும் கேள்விகளே பக்கங்களைப் புரட்டச் செய்கின்றன. முகாமில் மாதியிடம் கேட்கப்படும் கேள்வியும் இதுவே. வாசகரின் நோக்கமும் காவலரின் நோக்கமும் முற்றிலும் வேறானவை. எனினும் கேள்வியின் வடிவம் ஒன்று. கதையின் வேகத்தில் இவ்வொற்றுமை கண்ணில் படுவதில்லை. விடை தெரிந்தபின் மீண்டும் வாசிப்பவருக்கு அக்கேள்வி தேவைப்படுவதில்லை. அவர் மாதியிடமிருந்து எந்தத் தகவலையும் எதிர்பார்ப்பதில்லை. அவள் கூறுவதையும் கூறாததையும் கேட்க மட்டுமே செய்கின்றார். விசாரிக்கும் நிலையிலிருந்து கேட்கும் நிலைக்கு வாசகர் நகர்வது மறுவாசிப்பின் மிக முக்கியமான பயன் எனலாம்.

வரலாற்றால் நிகழும் மாற்றம்

மேற்கூறிய மூன்றும் பனுவலின் அமைப்பால் நிகழ்பவை. நாவலை முடித்த மறுநாளே மீண்டும் வாசிப்பவருக்கும் நிகழக்கூடியவை. காலம் கடந்து வாசிப்பவருக்கு வேறுவகை மாற்றங்கள் நிகழ்கின்றன. நாவல் வெளிவந்த 2004-ஆம் ஆண்டின் அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டத்தில் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டார். தேடுதல் வேட்டையின்போது நிகழ்ந்த அத்துமீறல்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணையைத் தொடர்ந்து, 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. வனவாழ் பழங்குடியினரின் நில உரிமையை ஏற்கும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வாச்சாத்தி வழக்கையும் இங்கு எண்ணுதல் வேண்டும். தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடுதல் என்னும் பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் மலையாளிப் பழங்குடியினர் மீது நிகழ்த்திய வன்கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் அதற்குள் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

2004-இல் நாவலை வாசித்தவருக்கு அது ஒரு குற்றச்சாட்டு; இவ்வளவும் நிகழ்ந்திருக்குமா என்னும் ஐயத்திற்கும் அவ்வாசிப்பில் இடமிருந்தது. இன்று வாசிப்பவருக்கு அவ்வையத்திற்கு இடமில்லை. நிகழ்ந்தமை ஆணையத்தாலும், ஒத்த நிகழ்ச்சியொன்றில் நீதிமன்றத்தாலும் ஏற்கப்பட்டுவிட்டது. யாஸ் கூறும் எதிர்பார்ப்பு எல்லை இங்கு நகர்ந்துள்ளது. ஐயம் நீங்கியபின் எஞ்சும் கேள்வி கடினமானது: அறிந்தபின்னும் எவை மாறாமல் இருக்கின்றன?

ஜவ்வாதுமலையிலிருந்து வாசித்தல்

இக்கேள்வி ஜவ்வாதுமலையில் கூர்மை பெறுகின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இம்மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. ஜமுனாமரத்தூரை மையமாகக் கொண்ட இதன் சிற்றூர்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். தமிழே அவர்தம் தாய்மொழி. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்னும் வாய்மொழி மரபை உடையவர்கள். சாமை முதலிய சிறுதானியங்களும், தேன், புளி போன்ற காடுபடு பொருள்களும் அவர்தம் வாழ்வாதாரம். சந்தனத்திற்குப் பெயர்பெற்ற மலை இது. திருப்பத்தூரில் உள்ள அரசுச் சந்தனமரக் கிடங்கு அதன் சான்று.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தனர் எனக் கூறி 20 தமிழர்கள் அம்மாநிலச் சிறப்புக் காவல் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். இறந்தோருள் ஜவ்வாதுமலைச் சிற்றூர்களைச் சேர்ந்தோரும் இருந்தனர். இந்நிகழ்வுக்குப் பின் ‘சோளகர் தொட்டி’யை ஜவ்வாதுமலையிலிருந்து வாசிப்பவருக்கு அந்நாவல் 1990-களின் கதையாகவோ மற்றொரு மலையின் கதையாகவோ முடிந்துவிடுவதில்லை. சிவண்ணாவுக்கு வழிகள் அடைபட்ட பக்கங்களை அவர் வாசிக்கும்போது, மானாவாரி நிலத்தின் விளைச்சல் போதாமல் கூலிக்காக மாநில எல்லை கடந்தவர்களின் வழிகள் எவ்வாறு அடைபட்டன என்னும் கேள்வி உடன் எழுகின்றது. நகரத்து வாசகர் இரக்கத்தோடு முடிக்குமிடத்தில் இம்மலை வாசகருக்கு அடையாளங்காணல் தொடங்குகின்றது.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சோளகர் கன்னடத்தோடு நெருங்கிய மொழி பேசுபவர்; மலையாளிகளின் மொழி, குடி அமைப்பு, வழிபாடு வேறு. சோளகர் தம் சொந்தக் காட்டிற்குள் துன்புறுத்தப்பட்டனர். ஜவ்வாதுமலையினர் சேஷாசலத்தில் பிறர் காட்டில், இடைத்தரகர்களின் அழைப்பில் சென்ற கூலிகள் எனப்பட்ட நிலையில் கொல்லப்பட்டனர். இவ்வேறுபாடுகளை அழித்து ‘எல்லா மலையும் ஒன்றே’ எனக் கூறுவது மறுவாசிப்பு ஆகாது. பார்த் எச்சரித்த ஒரே கதைக்கு மீண்டும் திரும்புவதே ஆகும். மாட்டு என்னும் உறுப்பு அகன்று கிடப்பவற்றை இணைக்கின்றது. ஆனால் அவற்றை ஒன்றாக்குவதில்லை. நாவலையும் நிகழ்வையும் இணைக்கையிலும் இவ்வரம்பைப் பேணுதல் வேண்டும்.

இம்மலைப்பகுதிக்குத் தொன்மையான ஓர் இலக்கியத் தொடர்பும் உண்டு. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், இம்மலையில் தோன்றும் சேயாற்றையும் இதனை ஒட்டிய நிலத்தையும் விரிவாகக் கூறுகின்றது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்வரும் கூத்தனுக்கு வழி கூறும்போது, பன்றிக்கு வைத்த பொறிகளையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும் குறித்து எச்சரிக்கின்றான். வழியை ஒருமுறை நடந்து மீண்டவனே இடர்களைக் கூற முடியும். மறுவாசிப்பாளரின் நிலையும் இதுவே ஆகும். புனங்காவல் மலைபடுகடாத்திலும் உண்டு. ‘சோளகர் தொட்டி’யின் கேழ்வரகுக் காவலிலும் உண்டு. சங்கப்பாடலில் மலையில் வழிச்செல்வார்க்கு அம்மலையின் மக்கள் விருந்து படைக்கின்றனர். நாவலில் அயலார் அதிகாரத்தோடு வந்து மக்களை அச்சுறுத்துகின்றனர். யாருக்கு யாரால் இடர் என்பது தலைகீழாகியுள்ளமையை இவ்விணைப்பு காட்டுகின்றது.

இரு மறுப்புகள்

மறுவாசிப்பு எதிர்வினையை ஆழப்படுத்தும் என்னும் கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, கொடுமைகளை மீண்டும் மீண்டும் வாசித்தல் மனத்தை மரத்துப்போகச் செய்யும் என்பது. இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. சித்திரவதைப் பக்கங்களை மட்டும் மீண்டும் எடுத்து வாசிப்பவருக்கு அவ்வாறு நிகழக்கூடும்; கருத்தரங்குக் கட்டுரைகள் அப்பக்கங்களை மட்டுமே மேற்கோள் காட்டுவதும் அவ்விளைவுக்குத் துணைபோகும். முழு நாவலையும் மீண்டும் வாசிப்பவரின் கவனம், முன்னர்க் கூறியவாறு, முதற்பகுதிக்கே மிகுதியாகச் செல்கின்றது. அவ்வகையில் மரத்துப்போதலுக்கு மாற்றாகவே மறுவாசிப்பு அமைகின்றது.

இரண்டாவது மறுப்பு, இந்நாவல் ஓர் ஆவணம்; அதில் கூறியவை ஆணையத்தால் ஏற்கப்பட்டபின் அதன் பணி முடிந்துவிட்டது என்பது. ஆவணத்திற்கும் நாவலுக்கும் உள்ள வேறுபாட்டை இம்மறுப்பே தெளிவாக்குகின்றது. ஆணையத்தின் பதிவில் இடம்பெறக்கூடியவை பெயர், நாள், இடம், இழைக்கப்பட்ட கொடுமை, இழப்பீட்டுத் தொகை ஆகியவை. அவை இன்றியமையாதவை. ஆனால் பயிர்க்காவல் இரவில் தீமூட்டி அமர்ந்திருந்தவர்களின் பேச்சுக்கோ, பீனாச்சி ஒலித்த திருவிழாவுக்கோ, மாதி தன் துணையைத் தேர்ந்த துணிவுக்கோ எந்த விசாரணைப் பதிவிலும் பத்தி ஒதுக்கப்படுவதில்லை. எது அழிக்கப்பட்டது என்பதை நாவலின் முதற்பகுதியே பாதுகாத்து வைத்துள்ளது. எனவே நாவலின் மெய்ம்மை சான்றளிக்கப்பட்ட பின்னரே அதன் இலக்கியப் பணி தடையின்றித் தொடங்குகின்றது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மறுவாசிப்பில் எதிர்வினை மாறுவதற்கு வாசகரின் அகவளர்ச்சி மட்டுமே காரணமன்று. பனுவல் அமைப்பு, பிந்தைய வரலாறு, வாசிப்பு இடம் ஆகிய மூன்றும் தனித்தனியே செயற்படுகின்றன. இவற்றைப் பிரித்து நோக்கினாலன்றி மாற்றத்தின் தன்மை விளங்காது.

2. ‘சோளகர் தொட்டி’யின் முதற்பகுதி பின்னணி அன்று. அதனை அமைதிக்காலமாகக் கொள்ளும் முதல் வாசிப்பு மறுவாசிப்பில் திருத்தம் பெறுகின்றது. பூட்டுவிற் பொருள்கோள் இத்திருத்தத்தை விளக்க ஏற்ற தமிழ்க் கருவியாக அமைகின்றது.

3. பாதிக்கப்பட்டவராக மட்டும் நினைவில் நின்ற மாந்தர் மறுவாசிப்பில் முழு மனிதராகின்றனர். வாசகரும் விசாரிப்பவர் நிலையிலிருந்து கேட்பவர் நிலைக்கு மாறுகின்றார்.

4. ஜவ்வாதுமலை போன்ற இடத்திலிருந்து நிகழும் வாசிப்பு, இரக்கத்திற்கு மாற்றாக அடையாளங்காணலை முன்வைக்கின்றது. மலைகளுக்கிடையேயான வேறுபாடுகளைப் பேணும்போதே இவ்வாசிப்பு பயன்தரும்.

இம்முடிவுகள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தோடும் தொடர்புடையவை. ஒரு பருவத்தில் பல நாவல்களை ஒருமுறை வாசிக்கச் செய்யும் நடைமுறையில், மாணவர் ஒவ்வொரு நாவலின் முதல் வாசிப்புப் பிழையோடு மட்டுமே வெளியேறுகின்றனர். நாவல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒன்றையேனும் இருமுறை வாசித்து இரு வாசிப்புகளின் குறிப்புகளையும் ஒப்பிட்டு எழுதச் செய்தல் நன்னூல் நெறிக்கு உகந்ததாகும். அவ்வொப்பீட்டை மலைப்பகுதி மாணவரும் சமவெளி மாணவரும் ஒருங்கிருந்து செய்யுமாறு அமைத்தால், உடன் பயில்வாரால் நிறையும் என நன்னூல் குறித்த கால்பங்கும் கைகூடும். ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இந்நாவலை வாய்விட்டு வாசித்து, கேட்போர் கூறுவனவற்றைத் தொகுத்தல் அடுத்தகட்ட ஆய்வாக அமையலாம். எழுத்து வாசிப்பில் வெளிப்படாத எதிர்வினைகள், அம்மலையின் மக்களே தம்மொழியில் பேசும்போது வெளிப்பட வாய்ப்புண்டு.